ஸ்டூல் நிற்கிற வரைக்கும்

எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் போய், "கட்டையக்கா வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "வாசல்ல மரம் உரிச்சுப் போட்டிருக்கும், அந்த வீடு" என்று கையைக் காட்டுவார்கள். கட்டையக்கா என் அண்ணி. அந்தப் பெயருக்கு இப்போது இருக்கிற காரணம் வேறு, முதலில் இருந்த காரணம் வேறு. அண்ணி உயரம் குறைவு. கல்யாணமான புதிதில் என் அண்ணன் நாலு பேர் முன்னால், "நான் கட்டினது ஒரு கட்டை, மேல் ஷெல்ஃபில் இருக்கிற எதுவும் அதுக்கு எட்டாது" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு அவனே சிரிப்பான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தங்கச்சி கூடப்பிறந்த அண்ணனை அவன் இவன் என்கிறாளே என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவர், இவர் என்கிற மரியாதையெல்லாம் பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேனில் ஏறிப் போய்விட்டது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவர்களோடுதான் இருந்தேன். அண்ணன் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போய் ஒரு கண்ணாடி வாங்கிட்டு வா. அவ தனியாப் போனா ஏமாந்துடுவா. அவசரமே இல்ல, மத்தியானம் வெளியிலயே சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க."

அவன் வாயிலிருந்து "நிதானமா" என்று ஒரு வார்த்தை வந்ததே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மக்கு, மக்கு! எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணன் திருந்திவிட்டான் என்று வழியெல்லாம் அண்ணியிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே சுவர்தான் இருந்தது. கட்டில், பீரோ, மேஜை, நாலு நாற்காலி, மேல் ஷெல்ஃபை எட்ட அண்ணி ஏறி நிற்கிற முக்காலி வரைக்கும் எல்லாம் போயிருந்தது. பீரோ இருந்த இடத்தில் நாலு கால் தடமும் ஒரு ஹேர்பின்னும் கிடந்தன. சுவரில் ஒரு தாள். "என் சாமான்களை நான் எடுத்துக்கொண்டேன். தேட வேண்டாம்." அவன் வேறொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான் என்பதை ஊர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். பாப்பா புதுக் கண்ணாடியோடு வாசலிலேயே நின்றாள். அந்தக் கண்ணாடி வழியாக அவள் தெளிவாகப் பார்த்த முதல் காட்சி அந்தக் காலி வீடு.

"அம்மா, நான் எங்க உக்காந்து எழுதறது?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டையில் போகிறவன் என்னை வைத்தல்லவா அண்ணியை வீட்டிலிருந்து கிளப்பினான்! நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அண்ணிக்கு ஒரு லாண்டரியில் வேலை. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்பும் உறையும் வரும். துவைத்து, உலர்த்தி, பெட்டி போட்டு, மூட்டைக்கு மூட்டை சீட்டு கட்டி அனுப்ப வேண்டும். வேன் போன நாலாவது நாள் அவள் வேலை முடிந்து வரும்போது, மின்கம்பியில் உரசிய தைல மரம் ஒன்றை ரோட்டோரம் வெட்டித் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, தெருவெல்லாம் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள். "இதுல உக்காரு" என்றாள் மகளிடம்.

"என்ன அண்ணி இது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கலாமே" என்றேன்.

"வாங்கினா, வாங்கினவன் தூக்கிட்டுப் போவான். இனிமே இந்த வீட்ல எல்லாம் செய்யறதுதான்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பழைய சாமான் கடையில் இரண்டு பக்கமும் பிடி வைத்த சீவு கத்தி ஒன்று கிடைத்தது. பின்கட்டில் கட்டையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் கால் போட்டு உட்கார்ந்து, கத்தியைத் தன் பக்கமாக இழுப்பாள். பச்சைத் தைல மரத்தின் பட்டை நீளநீளமாக உரிந்து விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் பல்லைக் கடிப்பாள். யாரை உரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஆழமா இழுங்க அண்ணி" என்பேன்.

முதல் நாற்காலி மூன்று மாதத்தில் காலை வாரிவிட்டது. கட்டை நாற்காலியின் சூட்சுமம் முழுக்கச் சேர்க்கையில்தான் இருக்கிறது. காலில் ஒரு துளை போட வேண்டும். குறுக்குக் கட்டையின் நுனியைச் சீவி, அந்தத் துளைக்குள் அடித்து இறக்கினால் இறுக்கமாகப் போகிற அளவுக்கு மெலிய வைக்க வேண்டும். அந்த நுனிக்குக் கழுந்து என்று பெயர். ஆணி, பசை எதுவும் கிடையாது. கழுந்து துளையைப் பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் அது நாற்காலி. அடித்தபோது யானை ஏறினாலும் அசையாது போலிருந்தது. மூன்று மாதம் கழித்து அண்ணி அதில் உட்கார்ந்தாள், குறுக்குக் கட்டை தானாக நழுவியது, இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

"எடுத்து அடுப்புல வைங்க" என்றேன். அவள் வைக்கவில்லை. கழன்ற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் லாண்டரியில் யாரோ ஒருவரின் புதுப் பருத்திக் கால்சட்டை உலர்த்தும் மிஷினில் சுருங்கி, கணுக்காலுக்கு மேலே போய், மேனேஜர் அவளை லெஃப்ட் ரைட் வாங்கிவிட்டார். திட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் முகத்தில் சிரிப்பு. செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடி, கழுந்தைத் துளையில் நுழைத்து ஆட்டிக் காட்டினாள். லொடலொடவென்று ஆடியது.

"பாரு, ஈரமா இருந்துச்சு, காஞ்சதும் சுருங்கிடுச்சு. கால்சட்டையும் இதுவும் ஒண்ணுதான்" என்றாள்.

அன்றிலிருந்து குறுக்குக் கட்டைகளெல்லாம் லாண்டரி பாய்லர் ரூம் பரணுக்குப் போயின. நம்பர் சீட்டு கட்டி மூன்று வாரம் அந்தச் சூட்டில் வைத்து, எலும்பு மாதிரி காய்ந்த பிறகுதான் கழுந்து சீவுவாள். "என்னக்கா, இதுக்கும் இஸ்திரி போடணுமா?" என்று பாய்லர்காரர் கிண்டல் செய்வார். காலை மட்டும் கொஞ்சம் ஈரமாகவே விடுவாள். காய்ந்த கழுந்து ஈரக் காலுக்குள் போனால், கால் காயக் காயத் துளை சுருங்கிக் கழுந்தை இறுக்கிக்கொள்ளும். அப்புறம் அதைப் பிரிக்க ரம்பம்தான் வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது காய்ந்த காலில் ஈரக் கழுந்தை அடித்தால், அது சுருங்கிக் கழன்று விழ நாள் குறித்துக் காத்திருக்க வேண்டியதுதான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருஷத்தில் அந்தக் காலி வீடு நிரம்பிவிட்டது. மகளுக்கு எழுதுமேஜை, கட்டில், துணி மாட்ட நிலைக்கட்டை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும், நான் வந்தால் உட்கார என் கால் அளவுக்கு ஒரு நாற்காலி. உடம்பு கனத்த எங்கள் பெரியப்பாவுக்கு அகலமாக ஒன்று. லாண்டரிக்குத் துணி போடுகிற ஹோட்டல்காரர் ஒருவர் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் பெஞ்ச் கேட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். கட்டையக்கா என்ற பெயரை அதன் பிறகு யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

போன மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் அவன் வந்தான். கையில் ஒரே ஒரு பை, கூடத் துணைக்குப் பெரியப்பா. அந்த இன்னொருத்தி வீட்டில் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். சாமான்கள் எங்கே என்றால், எல்லாம் அங்கேயே தங்கிவிட்டனவாம். ஆகா, கேட்கக் காது குளிர்ந்தது எனக்கு.

நேரே உள்ளே வந்து, மகளின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எந்திரிங்க, அது அவளோடது" என்றாள் அண்ணி.

அசடு வழிய எழுந்து பக்கத்தில் இருந்ததில் உட்காரப் போனான்.

"அது உங்க தங்கச்சியோடது."

நான் ஓடிப்போய் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப நான் எதுல உக்கார்றது?"

"உங்க சாமானைத்தான் ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிட்டீங்களே" என்றாள் அண்ணி. குரல் ஏறவில்லை. மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் பக்கத்தைத் திருப்பினாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஆயிரந்தான் இருந்தாலும் புருஷன் இல்லையாம்மா? வயசாயிடுச்சு, முட்டி வலிங்கறான். ஒரு மூலையில கிடந்துட்டுப் போகட்டும். நீ மாட்டேன்னா தெருவுல நிப்பான், நாளைக்கு நாலு பேர் உன்னைத்தான் சொல்லுவாங்க."

"எந்த நாலு பேரு பெரியப்பா? அண்ணி தரையில படுத்துக் கிடந்தப்ப எட்டிப் பாக்காத அந்த நாலு பேரா?" என்று நான் எகிறினேன்.

"நீ வாயை மூடுடி. இவளுக்கு நீதான் தூபம் போடறே" என்றான் அவன். வந்து கால்மணி நேரம் ஆகவில்லை, பழைய அதிகாரம்!

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு மூலை என்பான், அப்புறம் ஒரு ரூம் என்பான், கடைசியில் இது என் வீடு என்பான். அண்ணி கை நோக உரித்துச் சீவிக் கட்டிய வீடு மறுபடியும் அவன் காலடியில் போய்விடும். ஒவ்வொரு நாளும் பெரியப்பா வருவார், அத்தைமார் வருவார்கள், கரைத்துக் கரைத்துத் தலையாட்ட வைத்துவிடுவார்கள். அண்ணி ஜன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே முந்தின நாள் வந்திறங்கிய பச்சைத் தைல மரம் பட்டையோடு கிடந்தது.

"சரி பெரிய மாமா, இருக்கட்டும். ஆனா இந்த வீட்ல அவரவர் உக்கார்ற இடம் செஞ்சு வந்தது. இவரும் கையால ஒரு ஸ்டூல் செய்யட்டும். அது நிக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவ்ளோதானா? நீயே செய்யறப்ப நான் செய்ய மாட்டேனா? ஆணிகூட வேண்டாம்டி எனக்கு. ஆனா இதை எழுதிக்கணும். நாளைக்கே மூஞ்சியைத் தூக்கிட்டுப் போன்னு சொல்லுவே."

அவனே தாள் கேட்டு, அவன் கையாலேயே எழுதினான். "ஆணி, கயிறு, பசை எதுவும் இல்லாமல் நான் செய்யும் ஸ்டூல் நிற்கிற வரைக்கும் இந்த வீட்டில் இருப்பேன். அதுவரை என்னை யாரும் போகச் சொல்லக்கூடாது. விழுந்தால் நானே போய்விடுவேன்." எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. அஞ்சு காப்பி எடுத்துக்கொண்டு வரச் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். அண்ணிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை அவன் பின்கட்டில் ரம்பத்தோடு நின்றான். கால் வெட்டுவதற்குத் தடிமனான கட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணி உள்ளேயிருந்து நாலு கட்டைகளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வழுவழுவென்று உரித்து உப்புத்தாள் போட்டவை. இரண்டு வருஷமாக வீட்டுப் பரணில் கிடந்தவை.

"காலுக்கு இதை வெச்சுக்குங்க. முட்டி வலியோட அத்தனையும் உரிக்க வேண்டாம். குறுக்குக் கட்டை மட்டும் இதுல வெட்டிக்குங்க" என்று பச்சை மரத்தைக் காட்டினாள்.

"பாத்தியா என் மருமகளை! தங்கம்மா நீ" என்றார் காலையிலேயே வந்துவிட்டிருந்த பெரியப்பா. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காய்ந்த கால். ஈரக் கழுந்து. அவள் கிறுக்கு இல்லை, கல்லுளிமங்கி! பதினொரு வருஷம் பாடுபட்டுக் கற்றதையெல்லாம் அப்படியே தலைகீழாக்கி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதுபோல் அவன் கையில் கொடுத்துவிட்டு, தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

ஆறு நாள் செய்தான். முதல் நாள் கத்தியைத் தன் பக்கம் இழுக்காமல் வெளிப்பக்கம் தள்ளி, விரலைக் கிழித்துக்கொண்டான். இரண்டாம் நாள் துளையைக் கோணலாகப் போட்டான். மூன்றாம் நாள் ஒரு திண்ணமான குறுக்குக் கட்டையை வெட்டி, சொட்டச் சொட்ட அதன் நுனியைச் சீவ ஆரம்பித்தான். சீவிய சுருள்கள் ஈரத்தில் அவன் கையிலேயே ஒட்டிக்கொண்டன. என்ன இருந்தாலும் ஒரே வயிற்றில் பிறந்த ரத்தம், வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கட்டை ஈரமா..."

"போடி, உன் வேலையைப் பாரு. எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

நான் உள்ளே போனேன். அண்ணி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"அன்னிக்குக் கண்ணாடிக் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனது நீதான்."

பதினொரு வருஷமாக அவள் சொல்லாத வார்த்தை.  அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஈரம் என்ற சொல்லையே நான் வாயில் எடுக்கவில்லை. மழையில் நனைந்து வந்தால்கூட, "தலை துவட்டணும்" என்பேனே தவிர ஈரம் என்று சொல்ல மாட்டேன்.

ஆறாம் நாள் ஸ்டூல் எழுந்து நின்றது. மேலே பிளந்த கட்டைகளை அடுக்கி, ஆணிக்குப் பதில் மரமுளை அடித்திருந்தான். ஏறி நின்று குதித்துக் காட்டினான். அசையவே இல்லை, மழை இருக்கிற வரைக்கும் அசையவும் அசையாது. மழைக்காலம் முழுக்கக் கட்டை ஊறிப்போய்க் கிண்ணென்று இருந்தது. அவன் ஜம்பமும் கிண்ணென்று ஏறியது. ஹாலில் நட்டநடுவில் ஸ்டூலைப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வான். பெஞ்ச் கேட்டு வருகிறவர்களிடம், "நம்ம பட்டறை சரக்கு முப்பது வருஷம் உழைக்கும்" என்பான். நம்ம பட்டறையாம்! பாய்லர் ரூம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது அவனுக்கு.

"இந்தப் பின்கட்டைக் காலி பண்ணினா எனக்கு ஒரு ரூம் தடுத்துக்கலாம்" என்று ஒரு நாள் ஆரம்பித்தான். நான் பயந்த அதே வரிசையில் வந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் ஹோட்டல்காரர் வந்திருந்தபோது, அண்ணி மேலே இருந்த கட்டையை எடுக்க எக்கினாள். "பாத்தீங்களா சார், நான் கட்டினது ஒரு கட்டை, மேல இருக்கிறது எதுவும் எட்டாது" என்று அவன் இளித்தான். ஹோட்டல்காரர் சிரிக்கவில்லை. அண்ணி தான் செய்த முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வேண்டியதை எடுத்துக்கொண்டு இறங்கி, அவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அப்படி ஒரு புன்னகையை யாரும் என்னைப் பார்த்துச் செய்துவிடக் கூடாது.

மழை விட்டது. பிறகு காய்ந்த காற்று வீச ஆரம்பித்தது, துணி கொடியில் போட்ட அரைமணியில் மொறமொறவென்று ஆகிவிடுகிற நாட்கள். ஒரு காலை அவன் உட்கார்ந்தபோது ஸ்டூல் "கிரீச்" என்றது. அண்ணி, மகள், நான் மூன்று பேரும் நிமிர்ந்தோம். நிமிர்ந்த வேகத்திலேயே குனிந்துகொண்டோம்.

"எலி" என்றான் அவன்.

அடுத்த வாரம் எலி பெரிதாயிற்று. கால் மேல் கால் போடுவது நின்றது. அப்புறம் சாய்ந்து உட்காருவது நின்றது. அப்புறம் பிருஷ்டத்தை ஸ்டூலில் வைத்துப் பாரத்தையெல்லாம் தன் காலிலேயே தாங்கிக்கொண்டு, பஸ்ஸில் இடம் கிடைக்காதவன் மாதிரி உட்கார்ந்தான். முட்டி வலி உயிரை எடுத்திருக்கும், எடுக்கட்டும். கடைசியில் ஸ்டூலைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அண்ணி உட்கார்ந்த அதே இடம். உட்காராமல் விட்டால் நிற்கும் என்று அவன் கணக்கு. மரம் காய்வதற்கு யாரும் அதன் மேல் உட்கார வேண்டியதில்லையே.

விறகுக் கடைக்காரர் யாரோ சொல்லியிருக்கிறார், தண்ணி பட்டால் கட்டை ஊதி இறுகும் என்று. காலையில் எழுந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து ஸ்டூலின் நாலு மூலையிலும் ஊற்ற ஆரம்பித்தான். "என்னண்ணே, துளிர் விட்டுச்சா?" என்று பேப்பர்காரர் கேட்டுவிட்டுப் போனார். தண்ணீர் பட்டதும் கழுந்து ஊதும், ஊதினால் துளைக்குள் நசுங்கும், மறுபடி காயும்போது முன்னைவிட இளைக்கும். ஒவ்வொரு செம்பும் அவனுக்கு அவனே தோண்டிக்கொண்ட குழி. அண்ணி அதைப் பார்த்தாள். "குழாய்ல தண்ணி நின்னு போச்சு, வாளியில இருக்கு, எடுத்துக்குங்க" என்று ஒரு நாள் எடுத்துக்கூடக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியப்பா வந்திருந்தார், நானும் இருந்தேன். மகள் வீடு கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, கண்ணாடி இன்னும் தடித்துவிட்டது. சுவரோரம் கூட்டுவதற்காக ஸ்டூலின் பலகையைப் பிடித்துத் தூக்கினாள்.

"தொடாதே!" என்று அவன் கத்தினான்.

அவள் தூக்கிவிட்டாள். ஒரு கால் கழன்று தரையில் விழுந்தது. எதிர் மூலையில் இன்னொன்று விழுந்தது. பிறகு குறுக்குக் கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக, பல் விழுவது போல உதிர்ந்தன. கடைசியில் பலகை மட்டும் அவள் கையில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.

"நீதான் பண்ணினே!" என்று அவன் மகளிடம் பாய்ந்தான்.

"ஈரக் கட்டை காஞ்சா சுருங்கும்பா. எனக்கு எட்டு வயசுலயே தெரியும்" என்றாள் அவள்.

 அவன் கண் முதலில் கால் கட்டைகளைப் பார்த்தது, பிறகு அண்ணியைப் பார்த்தது. ஒவ்வொன்றாக அவனுக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் பதினொரு வருஷம் காத்திருந்தேன், ஏன் மறைக்க வேண்டும்?

"காலை வேணும்னேதான் குடுத்தியா?"

"ஆமா."

"தெரிஞ்சும் சொல்லல?"

"நீங்க வேன் கொண்டு வரப்போறது தெரிஞ்சிருந்தா, நான் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்க மாட்டேன்" என்றாள் அண்ணி.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீயுமாடி? என் கூடப்பிறந்தவதானே நீ?"

"நீ சொன்ன மாதிரியேதான் அண்ணே. என் வேலையைப் பாத்துக்கிட்டு நிதானமா இருந்தேன்" என்றேன்.

பெரியப்பா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஜெராக்ஸ் காப்பி ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவனிடம், "உன் கையெழுத்துதானேப்பா" என்றார்.

அவன் பையில் துணிகளை அடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணி வாசலில் நின்றாள். நாலு கால், எட்டுக் குறுக்குக் கட்டை, உட்காரும் பலகைகள், மரமுளைகள் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, லாண்டரிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். ஒரு முளைகூட விடவில்லை.

"இதை எதுக்கு?" என்றான்.

"உங்க சாமான். நீங்க செஞ்சது. அன்னிக்கு மாதிரி ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிடுங்க. இந்தத் தடவை வேன் வேண்டாம், தோள்லயே தூக்கலாம்."

கட்டிய கயிற்றில் லாண்டரிச் சீட்டு ஒன்று தொங்கியது. அதில் உருப்படி பதினெட்டு என்று எழுதியிருந்தாள். பேனாவை நீட்டினாள். அவன் பெரியப்பாவைப் பார்த்தான், பெரியப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டான். கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முட்டியை நொண்டிக்கொண்டு, பெட்டிக்கடை வழியாக நடையைக் கட்டினான்.

அடிச்சீட்டை அண்ணி என்னிடம் கொடுத்தாள். எல்லா லாண்டரிச் சீட்டிலும் கீழே அச்சடித்திருக்கிற வரிதான் அதிலும் இருந்தது. "எடுத்துச் சென்ற பொருளுக்கு அதன் பிறகு நாங்கள் பொறுப்பல்ல."

"இதுக்கு எத்தனை காப்பி வேணும் அண்ணி?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும். சுவத்துல ஒட்டணும்" என்றாள்.